துண்டுக்கு அடியில்: போச்சம்பள்ளி மாமாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாமா,

போன ஞாயிறு சந்தையில் நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் எனக்கே பிடிக்கவில்லை. "நோய் புகுந்த செல்லை உடம்பு எப்படிடா கண்டுபிடிக்குது, அதுக்குக் கண்ணா இருக்கு?" என்றீர்கள். "ரிசெப்டார் இருக்கு மாமா" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன். பெயரைச் சொன்னால் பதில் சொன்னதாகிவிடுமா? பெங்களூரு பஸ் சூளகிரி தாண்டும்போதுதான் உறைத்தது. அந்தக் கேள்வியைக் கேட்டபோது நீங்களும் அந்த ஊத்தங்கரைக்காரரும் துண்டுக்கு அடியில் கையைக் கோத்து, விரலைத் தொட்டே காளைக்கு விலை பேசிக்கொண்டிருந்தீர்கள். பதில் அங்கேயே இருந்தது.

கண் கிடையாது மாமா. தொட்டுத்தான் பார்க்கிறது.

நம் செல்கள் உள்ளே செய்யும் புரதங்களை நறுக்கி, அந்தத் துணுக்குகளை எம்ஹெச்சி என்ற தாங்கியில் வைத்து வெளியே நீட்டிக்கொண்டே இருக்கும். மாட்டின் வாயைப் பிரித்துப் பல்லைக் காட்டுவது மாதிரிதான். உள்ளே வைரஸ் புகுந்திருந்தால் அதன் துணுக்கும் வெளியே வந்துவிடும். டி செல் என்ற வெள்ளையணு அலைந்து அலைந்து இவற்றைத் தடவிப் பார்க்கிறது. வைரஸ் மட்டும் இருந்தால் அது அசையாது, சொந்த உடம்பின் எம்ஹெச்சியும் சேர்ந்தே இருக்கவேண்டும் என்று 1974-ல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் கண்டுபிடித்த பீட்டர் டோஹர்ட்டிக்கும் ரோல்ஃப் ஸிங்கர்நாகலுக்கும் 1996-ல் நோபல் கொடுத்தார்கள். ஒரு செல்லின் மேல் பல்லாயிரம் தாங்கிகள் இருக்கும். அவற்றில் பத்தே தாங்கிகளில் அந்நியத் துணுக்கு இருந்தாலே டி செல் நின்றுவிடும்.

நின்றதும் அது செய்வதுதான் உங்கள் வேலை. உருண்டையாக இருந்தது எதிர்செல்லின் மேல் தட்டையாகப் படர்கிறது. ஓரத்தில் எல்எஃப்ஏ-1 என்ற புரதங்கள் வளையமாகப் பிடித்துக்கொள்கின்றன. அது துண்டு. உள்ளே ரிசெப்டார்கள், அதாவது டி செல்லின் மேல் உள்ள தொட்டுணரும் புரதங்கள், துணுக்கைத் தடவுகின்றன. அவை விரல்கள். இந்த ஏற்பாட்டுக்கு இம்யூன் சினாப்ஸ் என்று பெயர். நரம்புகள் சந்திக்கும் இடத்துக்கு 1897-லேயே வைத்த கிரேக்கப் பெயரை இங்கேயும் எடுத்துக்கொண்டார்கள். சேர்த்துப் பிடிப்பது என்று பொருள். உங்களுக்குச் சொல்லித்தரவேண்டியதில்லை.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது சிடி45 என்ற ஒரு நெட்டைப் புரதத்தின் கதை. டி செல்லுக்குள் சேதி போவது எப்படியென்றால், ரிசெப்டாரின் வாலில் பாஸ்பேட் என்ற சின்னத் துணுக்கைச் செல்லே பொட்டு மாதிரி ஒட்டும். சிடி45 அந்தப் பொட்டை அழித்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் டி செல் சும்மா இருக்கும்போது வீணாகக் கிளம்புவதில்லை. ரிசெப்டார் எதிர்செல்லின் துணுக்கைப் பிடித்ததும் இரண்டு செல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளி சுமார் 15 நானோமீட்டராகக் குறுகிவிடும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பங்கு போட்டால் அதில் பதினைந்து. சிடி45 அதைவிட உயரம். தாழ்ந்த கூரைக்குள் நெட்டையன் நிற்க முடியாமல் வெளியே போவது போல, அது தானாக ஒதுங்குகிறது. அழிப்பவன் போனதும் பொட்டு நிற்கிறது, சேதி போகிறது. யாரும் யாரையும் விரட்டவில்லை மாமா, உயரம் ஒன்றே போதுமாக இருக்கிறது. இப்படித்தான் நடக்கிறது என்று பல சோதனைகள் சொல்கின்றன. இதை முதலில் படித்த அன்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

சரி, துண்டுக்கு அடியில் நடப்பதை எப்படிப் பார்த்தார்கள்? 1998-ல் ஆபிரகாம் குப்ஃபர் குழுவினர் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு செல்களைப் படம்பிடித்து, நடுவில் ரிசெப்டார், சுற்றி வளையம் என்று காட்டினார்கள். அடுத்த ஆண்டு மைக்கேல் டஸ்டினும் கூட்டாளிகளும் ஒரு தந்திரம் செய்தார்கள். எதிர்செல்லையே எடுத்துவிட்டுக் கண்ணாடியில் கொழுப்புப் படலம் பரப்பி, எம்ஹெச்சியை அதில் மிதக்கவிட்டார்கள். டி செல் அதையும் செல் என்று நம்பி உட்கார்ந்தது. அடியிலிருந்து மைக்ராஸ்கோப்பில் எல்லாம் தெரிந்தது. துண்டுக்குப் பதில் கண்ணாடி! போச்சம்பள்ளியில் அப்படிச் செய்தால் உங்களுக்குப் பிழைப்பு போய்விடும்.

ஆனால் பார்த்ததைத் தப்பாகவும் புரிந்துகொண்டார்கள். நடுவில் கூட்டமாக இருக்கிறதே, பேச்சு அங்கேதான் நடக்கிறது என்று நினைத்தார்கள். பிறகு பார்த்தால் பேச்சு ஓரத்தில், சின்னச் சின்னக் கொத்துகளில் நடக்கிறது. நடுவுக்கு வந்து சேர்வதற்குள் பெரும்பாலும் பேசி முடிந்திருக்கிறது. நானும் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அப்போதுதான் பேரம் நடக்கிறது என்று நினைத்தேனே, அதே தப்பு.

இதற்குமேல் உவமை ஓடாது. சந்தையில் காளை வேறு வீட்டுக்குப் போகும், இங்கே எதிர்செல் சாகும். கொல்லும் டி செல் தன் நச்சுப்பைகளை அந்தப் பக்கமாக நகர்த்தி, அந்த மூடிய இடைவெளிக்குள் கொட்டுகிறது. பெர்ஃபோரின் எதிரியின் தோலில் ஓட்டை போடும். கிரான்சைம் உள்ளே போய் அந்தச் செல்லைத் தானே சாகவைக்கும். இடைவெளிக்குள்ளேயே கொட்டுவதால் பக்கத்துச் செல்லுக்குப் பெரிதாகச் சேதம் இல்லை. கொன்றவனின் தோலில் கொழுப்பு நெருக்கமாக அடுக்கியிருப்பதால் அதுவும் தப்பித்து அடுத்த செல்லிடம் போகிறது.

இன்னொன்று. சில ரத்தப் புற்றுநோய்களுக்கு நோயாளியின் டி செல்லையே எடுத்து, ஒரு செயற்கை ரிசெப்டாரைப் பொருத்தித் திரும்பச் செலுத்தும் சிகிச்சை நம் நாட்டிலேயே, மும்பை ஐஐடியில் உருவாகி, 2023-ல் அனுமதி பெற்றது. இப்படிச் செய்த செல்கள் போடும் சினாப்ஸில் அந்த அழகான வளையம் ஒழுங்காக உருவாவதில்லை. கச்சாமுச்சாவென்று பிடித்து, வேகமாக அடித்துவிட்டு, வேகமாக விலகுகின்றன. துண்டே போடாமல் வியாபாரம் முடிக்கும் புது ஆட்கள் மாதிரி. உங்களுக்குப் பிடிக்காது, ஆனால் காரியம் நடக்கிறது.

மாங்காய் சீசனுக்கு ஊருக்கு வருகிறேன், அத்தையிடம் சொல்லுங்கள். ஊத்தங்கரைக்காரர் போனதும் "எவ்வளவுக்குப் போச்சு மாமா?" என்று கேட்டேன், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தீர்கள். இவ்வளவு எழுதியிருக்கிறேன், அந்த விலையையாவது சொல்லலாம்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகன்