‘அரிப்பு நிற்கும் வரை’ தடவினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் அண்மையில் வெளியான, தோலில் வரும் பூஞ்சைத் தொற்றுகளைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். நோய் எப்படி வருகிறது, யாரை எளிதில் பிடிக்கிறது என்பதையெல்லாம் பொறுமையாக விளக்கிய கட்டுரையாளர், மருந்து என்று வந்ததும் ‘பூஞ்சைக்கான கிரீம் ஒன்றை அரிப்பு நிற்கும் வரை தடவினால் போதும்’ என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டுவிட்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்த ஒரு வரியைப் பற்றி மட்டும் எழுத விரும்புகிறேன். படர்தாமரை என்று சொல்லிக்கொண்டு கடைக்குத் திரும்பத் திரும்ப வந்தவர்களில் பெரும்பாலோர், யாரும் சொல்லித்தராமலே, அந்த வரியின்படிதான் நடந்துகொண்டிருந்தார்கள்.

படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சைகள், தோலின் மேலடுக்கிலும் முடியிலும் நகத்திலும் இருக்கும் கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வாழ்பவை. ஓரிடத்தில் இறங்கி, அங்கிருந்து வெளிப்புறமாக மேய்ந்துகொண்டே போவதால்தான், நடுவில் தோல் தெளிந்தும் விளிம்பு சிவந்து தடித்தும் வட்டமாகத் தெரிகிறது. நமக்குத் தொந்தரவு தரும் அரிப்பு, பூஞ்சையை எதிர்த்து உடல் காட்டும் அழற்சியின் விளைவு. கிளோட்ரிமசோல், மைக்கோனசோல், கீட்டோகோனசோல் முதலிய அசோல் வகை மருந்துகள், பூஞ்சையின் செல் சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டெரால் என்ற பொருள் உருவாகாமல் தடுக்கின்றன. இதனால் பூஞ்சையின் வளர்ச்சி நிற்குமே தவிர, பெரும்பாலும் அது அப்போதே செத்துவிடுவதில்லை. வளர்ச்சி நின்ற பூஞ்சையைத் தோல் தன் பழைய அடுக்குகளோடு சேர்த்துச் சிறிது சிறிதாக உதிர்த்துத் தள்ள வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். அரிப்போ சில நாட்களிலேயே அடங்கிவிடுகிறது. இந்த இடைவெளியில் கிரீமை நிறுத்துபவருக்கு, மிச்சமிருக்கும் பூஞ்சை மறுபடி தலைதூக்கும்போது ‘மருந்து சரியில்லை’ என்ற எண்ணம்தான் வருகிறதே ஒழிய, தாம் பாதியில் விட்டோம் என்பது தோன்றுவதில்லை.

ஆகவே, கால அளவு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். 1% கிளோட்ரிமசோல் கிரீமை நாளுக்கு இரண்டு அல்லது மூன்று முறை வீதம், உடலில் வந்த படர்தாமரைக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களும், கால் விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண்ணுக்கு நான்கு வாரங்கள் வரையும் தடவ வேண்டியிருக்கும். புண் கண்ணுக்கு மறைந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் தொடர்வது வழக்கம். 1% டெர்பினாஃபின் கிரீம், வேறொரு கட்டத்தில் எர்கோஸ்டெராலைத் தடுப்பதோடு பூஞ்சையைக் கொல்லவும் வல்லது என்பதால், அதற்கு ஒன்றிரண்டு வாரம் போதும் என்பார்கள். எந்த மருந்தானாலும், உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளில் இருக்கும் கணக்கோ மருத்துவர் சொன்ன கணக்கோதான் செல்லும். அரிப்பின் கணக்கு செல்லாது.

தடவும் முறையிலும் ஒரு தவறு பரவலாக இருக்கிறது. எங்கே அரிக்கிறதோ அங்கே, அதுவும் வட்டத்தின் நடுவில், கிரீமை அப்பித் தேய்க்கிறார்கள். பூஞ்சை மும்முரமாக இருப்பது விளிம்பில். விளிம்பைத் தாண்டி, பார்வைக்கு நன்றாக இருக்கும் தோலிலும் அது ஏற்கெனவே நுழைந்திருக்கும். எனவே, இடத்தைக் கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் ஒற்றியெடுத்து, சுற்றிலும் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு நல்ல தோலையும் சேர்த்து, மெல்லிய படலமாகத் தடவ வேண்டும். அளவுக்குத் தோல் மருத்துவர்கள் சொல்லும் எளிய கணக்கு ஒன்று உண்டு: பெரியவர் ஒருவரின் ஆள்காட்டி விரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனி வரை பிதுக்கிய கிரீம் ஏறத்தாழ அரை கிராம், அது விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கையளவு இடத்துக்குப் போதும். கூடுதலாக அப்பினால் கூடுதலாகக் குணமாகாது. தொடை இடுக்கு, அக்குள், மார்பின் அடிமடிப்பு போன்ற இடங்களில் ஈரம் தங்கிப் பூஞ்சைக்கு வசதியாகத்தான் முடியும். தடவியதன் மேல் மருத்துவர் சொல்லாமல் கட்டுப் போடவும் கூடாது. தடவி முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் (கையில் வந்த புண்ணுக்குத் தடவியிருந்தால் மற்றக் கையை). முதல் சில நாட்களில் இலேசாகச் சுருக்கென்று எரிவது உண்டு. கொப்புளம் கிளம்பினாலோ, சிவப்பு பரவினாலோ, வீங்கினாலோ நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இனி, நான் எழுதவே காரணமான விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரியில் படிக்கும் ஒரு பையன் பல மாதங்களாக என்னிடம் வந்துகொண்டிருந்தான். ஒவ்வொரு முறையும், அடியிலிருந்து நுனி வரை சுருட்டிப் பிழிந்த, பெயரெல்லாம் அழிந்துபோன ஒரு ட்யூபை மேசை மேல் வைத்து, இதே மாதிரி ஒன்று வேண்டும் என்பான். விடுதியில் அறைத்தோழன் கொடுத்தது என்றும், தடவிய மறுநாளே அரிப்பு பட்டென்று நின்றுவிடுகிறது என்றும், நிறுத்தினால் முன்பைவிட அதிகமாக வந்துவிடுகிறது என்றும் சொன்னான். அன்று நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சுருளைப் பிரித்து, பொடி எழுத்துகளை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, அவற்றோடு கிளோபீட்டசால் என்று ஸ்டீராய்டு ஒன்று. மருந்துச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டதற்கு இல்லை என்றான். கொடுக்க மறுத்து, தோல் மருத்துவரிடம் அனுப்பினேன். தொடையின் உட்புறத்தில் கத்தியால் கீறியதைப் போல நீளநீளமாகச் சிவந்த வரிகள் விழுந்திருந்ததை அவன் பிறகுதான் சொன்னான். தொற்று நான்கு மாதச் சிகிச்சையில் போனது. வரிகள் வெளுத்துப்போயினவே தவிர, மறையவில்லை.

ஸ்டீராய்டு அழற்சியை அடக்கும். அரிப்பும் சிவப்பும் அழற்சியால் வருவன என்பதால் அவை உடனே அடங்கும். ஆனால் அழற்சி என்பது உடலின் எதிர்ப்பும் கூட. அதை அமர்த்திவிட்டால் பூஞ்சை தடையில்லாமல் பரவும். வட்டமும் விளிம்பும் கலைந்து, பார்ப்பவருக்குப் படர்தாமரை என்றே தெரியாத உருவத்தை நோய் எடுத்துக்கொள்ளும். 1968-இல் பிரிட்டனின் தோல் மருத்துவர்கள் இருவர் இதற்கு ‘டினியா இன்காக்னிட்டோ’ என்று பெயரிட்டார்கள். மாறுவேடத்தில் திரியும் படர்தாமரை என்று சொல்லலாம். தொடை இடுக்கிலும் முகத்திலும் தோல் மெல்லியதாக இருப்பதால் அங்கே ஸ்டீராய்டு அதிகமாக உறிஞ்சப்பட்டு, தோல் இன்னும் மெலிந்து, வரிகள் விழுகின்றன. குழந்தைகளுக்கு அணையாடை கட்டும் இடத்தில் இத்தகைய கலவைக் கிரீமைத் தடவுவது இதைவிட ஆபத்தானது. அணையாடையே மேலே கட்டுப் போட்டதற்குச் சமமாகி மருந்தை உள்ளே தள்ளும். மருத்துவர் நேரில் பார்த்து, இத்தனை நாள் மட்டும் என்று எழுதித் தருவது வேறு. அறைத்தோழன் தருவது வேறு.

இதில் பெயர்க் குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. கிளோட்ரிமசோல், கிளோபீட்டசால் என்ற இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். முன்னது பூஞ்சையைத் தடுப்பது. பின்னது தோலில் தடவும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வலிய வகையைச் சேர்ந்தது. காதில் ஒரே மாதிரி விழும் இந்தப் பெயர்களை நம்பி வாயால் கேட்டு வாங்குவதைவிட, பெட்டியில் ‘இதில் அடங்கியவை’ என்ற இடத்தைப் படித்துவிட்டு வாங்குவது நல்லது. கிளோபீட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், பெக்ளோமெட்டசோன் ஆகிய பெயர்களில் ஒன்று கண்ணில் பட்டால், மருத்துவர் எழுதாமல் அதைத் தொடக் கூடாது. பெட்டியைக் கிழித்துப் போட்டுவிடும் பழக்கமும் நல்லதில்லை. காலாவதித் தேதியை ட்யூபின் மடித்து அழுத்திய அடிமுனையில்தான் அச்சிடுகிறார்கள். நாமோ அந்த முனையிலிருந்துதான் சுருட்டிக்கொண்டே வருகிறோம்!

எல்லாச் சிவப்புக்கும் பூஞ்சை காரணமில்லை என்பதையும் கட்டுரை சொல்லியிருக்கலாம். வட்டமான கரப்பான், சோரியாசிஸ் போன்றவையும் பார்வைக்குப் படர்தாமரை போலவே இருக்கும். தொட்டால் உணர்ச்சி குறைந்திருக்கும் வெளிறிய அல்லது சிவந்த படையாக இருந்தால், அது தொழுநோயின் தொடக்கமாக இருக்கலாம். அதன் மேல் கிரீம் தடவிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மாதமும் நரம்புக்கு இழப்பு. பூஞ்சைதான் என்று உறுதியானாலும், தலையில் முடியின் வேரிலும் நகத்தின் அடியிலும் அது இறங்கிவிட்டால் கிரீம் அங்கே போய்ச் சேராது. குழந்தையின் தலையில் முடி கொத்தாக உதிர்ந்து செதில் எழுந்தால் மாத்திரையோ சிரப்போதான் வேண்டும், கிரீம் தடவிக் காலம் கடத்தக் கூடாது. தேமல் வேறு கதை. அதற்குக் காரணமான மலசீசியா என்ற பூஞ்சை எல்லார் தோலிலும் இயல்பாகவே இருப்பது. மருந்தில் அது அடங்கிய பிறகும் தோல் பழைய நிறத்துக்கு வரச் சில மாதங்கள் ஆகும். நிறம் திரும்பவில்லையே என்று கிரீமை மாற்றி மாற்றித் தடவுவதால் பயனில்லை.

தோல் மடிப்புகளில் அடிக்கடி கேண்டிடா என்ற பூஞ்சையின் தொற்று வருகிறவர்கள் இரத்தச் சர்க்கரையை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்கள் கால் விரலிடுக்கில் வரும் வெடிப்பை அற்பமாக எண்ணக் கூடாது. பாக்டீரியா உள்ளே நுழைந்து கால் முழுதும் வீங்குவதற்கு அது வாசலாகிவிடும். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபாரின் சாப்பிடுகிறவர்கள், மைக்கோனசோல் கிரீமாக இருந்தாலும் வாங்குமுன் அதைச் சொல்ல வேண்டும். வார்ஃபாரினின் வேகத்தை அது கூட்டிவிடக்கூடும். கருவுற்றிருப்பவர்களும் கேட்டுவிட்டே தடவ வேண்டும்.

முறையாகத் தடவியும் இரண்டு மூன்று வாரத்தில் குறையவில்லை என்றால், அடுத்த ட்யூபைத் தேடிப் போகாமல் மருத்துவரிடம் போக வேண்டிய காலம் இது. டெர்பினாஃபினுக்குக் கட்டுப்படாத டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்ற பூஞ்சை 2020-இல் தனிப் பெயர் பெற்றது. அதற்குப் பிறகு பல கண்டங்களிலும் காணப்பட்டிருக்கிறது. மருத்துவர் செதிலைச் சுரண்டியெடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் பார்ப்பது சில நிமிடங்களில் ஆகிற சோதனை; வலியும் கிடையாது. போகும்போது இதுவரை தடவிய ட்யூபுகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். கிரீம் தடவிய தோலில் பூஞ்சை கண்ணில் படாமலே போகலாம் என்பதால், மருத்துவருக்கு அது தெரிந்தாக வேண்டும். திட்டுவார் என்று ஒளித்து வைப்பவர்களை நிறையவே பார்த்திருக்கிறேன்.

துணிகளைப் பற்றிக் கட்டுரையாளர் எழுதியதில் குறை சொல்ல ஏதுமில்லை. துண்டைத் தனியாக வைத்துக்கொள்வது, உள்ளாடையைத் தினமும் வெந்நீரில் துவைத்து நன்றாகக் காயவைத்து அணிவது, வீட்டில் மற்றவருக்கும் இருந்தால் எல்லாரும் ஒரே நேரத்தில் மருந்து தடவுவது எல்லாம் சரியே. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். சேற்றுப்புண் உள்ளவர்கள், உள்ளாடையில் காலை நுழைக்குமுன் காலுறையை மாட்டிக்கொள்ள வேண்டும்; இல்லாவிட்டால் விரலிடுக்கில் இருக்கும் பூஞ்சை துணியோடு உரசித் தொடை இடுக்குக்கு ஏறிவிடும்.

தங்களிடம் நான் கேட்பது சிறிய திருத்தம் ஒன்றுதான். அடுத்த வார நலவாழ்வுப் பக்கத்தில், ‘அரிப்பு நிற்கும் வரை’ என்ற சொற்களை நீக்கிவிட்டு, ‘ஸ்டீராய்டு கலக்காத கிரீமை, அரிப்பு நின்ற பிறகும், குறித்த வாரங்கள் முடியும் வரை’ என்று வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மருந்தாளுநர் ஒருவர்