பரங்கிக்காய் பேன்கேக்

பியோரியா, இல்லினாய்ஸ்
அக்டோபர் 19

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் மூவரும் சௌக்கியம். அப்பாவுக்கு முட்டிவலி தேவலையா?

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் என்ன சாப்பிட்டாய் என்று போனில் கேட்டாய். பரங்கிக்காய் போட்டு பேன்கேக் என்றேன். கொஞ்ச நேரம் உன் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், "அங்கே அரிசி உளுந்தெல்லாம் கிடைக்கலையா?" என்றாய். அது மனதிலேயே நின்றுவிட்டது. அதற்குள் பாப்பா போனைப் பிடுங்கிக்கொண்டாள். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். எல்லாம் கிடைக்கிறது அம்மா. மாவும் அரைத்துத்தான் வைத்திருக்கிறேன். குளிர் வந்துவிட்டதால் புளிக்கத்தான் நாளாகிறது.

இங்கே இப்போது இலையுதிர்காலம். காலை ஆறரைக்கும் இருட்டாகவே இருக்கிறது. எழுந்ததும் சூடாக, இனிப்பாக, வாசனையாக ஏதாவது வேண்டும் என்று உடம்பே கேட்கிறது.

காரில் இருபது நிமிடம் போனால் மார்ட்டன் என்று ஓர் ஊர். உலகத்துக்கே பூசணித் தலைநகரம் நாங்கள்தான் என்பார்கள். செப்டம்பரில் அதற்கென்று திருவிழாவே நடக்கிறது. லிபீஸ் கம்பெனியின் டப்பாப் பூசணி தயாராவது அங்கேதான். அந்தப் பழத்தைப் பார்த்தால் நீ விடவே மாட்டாய். டிக்கின்ஸன் என்று ஒரு ரகம். சந்தன நிறத் தோல், கொஞ்சம் நீளவாட்டம், உள்ளே கெட்டியான சதை. நம் கொல்லையில் கொட்டகை மேல் ஏறிக் காய்த்ததே, அதே இனம். பரங்கிக்கு இந்த அமெரிக்கக் கண்டம்தான் பிறந்த வீடு. இங்கிருந்து கப்பலேறிப் போய்த்தான் நம் ஊரில் வேர் பிடித்திருக்கிறது. பரங்கி என்றால் வெள்ளைக்காரன்தானே, அந்தப் பேரே அதைத்தான் சொல்கிறது. அது தெரிந்த அன்று எனக்கு என்னவோ பெரிய ஆறுதலாக இருந்தது.

வந்த வருஷம் இது ஒன்றும் தெரியாமல், கடை வாசலில் குவித்திருந்த பளபளப்பான ஆரஞ்சுப் பூசணி ஒன்றை வாங்கி வந்து வேகவைத்தேன். ஒரே தண்ணீர், ஒரே நார், ருசியே இல்லை. அது ஹாலோவீன் பண்டிகைக்குக் குடைந்து, கண் மூக்கு வெட்டி, உள்ளே விளக்கு வைப்பதற்கானது என்று பக்கத்து வீட்டு அம்மாள்தான் சொன்னார். பேன்கேக் சுடக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான்.

ஒரு கப் மைதா, இரண்டு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், சிட்டிகை உப்பு, இரண்டு மேசைக்கரண்டி நாட்டுச் சர்க்கரை. இன்னொரு பாத்திரத்தில் அரை கப் பரங்கி விழுது, முக்கால் கப் பால், ஒரு முட்டை, கொஞ்சம் உருக்கிய வெண்ணெய். இரண்டையும் சேர்த்து நாலே சுற்றுதான் கிண்டவேண்டும். கட்டி தட்டினாலும் பரவாயில்லை. நம் கைக்கு அது பழகவே நாளாயிற்று. தோசை மாவு மாதிரி அடித்துக் கலக்கினால் ரப்பராகிவிடும். பத்து நிமிடம் அப்படியே விட்டுவிட வேண்டும்.

இதில் போடும் வாசனைப் பொடி கடையிலேயே விற்கிறது. பட்டை, சுக்கு, கிராம்பு, ஜாதிக்காய், இன்னும் ஆல்ஸ்பைஸ் என்று ஜமைக்காப் பக்கத்து மிளகு ஒன்று. நான் வாங்குவதில்லை. நீ கொடுத்த சுக்குப் பொடி இருக்கிறது. கிராம்பைச் சின்ன உரலில் தட்டிக்கொள்கிறேன். ஜாதிக்காய் எது தெரியுமா? பாப்பா பிறந்தபோது உரைமருந்துக்கு என்று நீ துணியில் முடிந்து கொண்டுவந்தாயே, அதுதான். ஒரு பக்கம் நீ கல்லில் உரைத்து வழவழவென்று தேய்ந்திருக்கிறது. நான் மறு பக்கத்தில் துருவுகிறேன். ஆறு வருஷம் ஆகியும் வாசனை துளிகூடப் போகவில்லை.

அடுப்பு நிதானமாக எரியவேண்டும். பரங்கியில் ஈரம் அதிகம். முதல் தடவை தீயைக் கூட்டிவிட்டு, மேலே கருகி நடுவில் பச்சை மாவாக நின்றது. இப்போது சின்னக் கரண்டியால் ஊற்றி விட்டுக் காத்திருக்கிறேன். ஓரம் மங்கி, மேலே வந்த குமிழி வெடித்து, அந்த ஓட்டை மூடாமல் நின்றால் திருப்பலாம். ஆப்பத்தில் கண் விழும் என்பாயே, அந்தப் பதம்தான். திருப்பியதும் உப்பிக்கொண்டு எழும்பும். பாப்பா நாற்காலியில் ஏறி நின்று, "இப்போ! இப்போ!" என்று கத்துவாள்.

மேலே ஊற்ற மேப்பிள் பாகு. பதநீரைக் காய்ச்சுவதுபோல மரத்துச் சாற்றைக் காய்ச்சுகிறார்கள். ஏறக்குறைய நாற்பது லிட்டர் சாற்றுக்கு ஒரு லிட்டர் பாகுதான் கிடைக்குமாம். உன் மாப்பிள்ளை அதைத் தாராளமாக ஊற்றிக்கொள்கிறார். எனக்கு நெய் தொட்டுத்தான் இறங்குகிறது.

டப்பாவில் பாதி விழுது மிஞ்சிப் போகிறது. போன வாரம் அதில் உன் பால் கூட்டு வைத்துப் பார்த்தேன். வெல்லம் போட்டதும் பால் திரிந்துவிட்டது. நீ அடுப்பை அணைத்த பிறகுதான் வெல்லம் சேர்ப்பாயா, இல்லை பாலைக் கடைசியில் விடுவாயா? ஏலக்காய் எத்தனை? மறக்காமல் எழுது. அப்பாவிடமும் கேட்காமல் விடாதே, அவர் நீ செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்.

அன்புடன்,
உன் மகள்