ஒரே ஒரு தாள் கேட்கிறோம்: நல்வாழ்வுத் துறைச் செயலாளருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். பக்கவாதம் என்றால் நாலரை மணி நேரத்துக்குள் வாருங்கள் என்று சுவரெல்லாம் எழுதியாயிற்று. நல்லது. 108-இல் ஏற்றி, ஸ்கேன் எடுத்து, ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி போட்டு உயிரைக் காப்பாற்றியும் விடுகிறார்கள். அப்புறம் டிஸ்சார்ஜ். கையில் தரும் டிஸ்சார்ஜ் சம்மரியில் மாத்திரைகளுக்கு முக்கால் பக்கம். கடைசி வரி, 'பிசியோதெரபி செய்யவும்'. எங்கே, யாரிடம், வாரம் எத்தனை முறை? அந்த வரிக்கே தெரியாது.

அண்மையில் நாங்கள் பார்த்த ஒரு சம்மரி, விழுங்க முடியாததால் மூக்கு வழியாக வயிற்றுக்கு உணவு செலுத்தும் ரைல்ஸ் டியூபோடு அனுப்பப்பட்டவருடையது. டியூபை எப்போது எடுப்பது, அடுத்து எப்போது விழுங்கிப் பார்க்க வைப்பது என்று ஒரு சொல்கூட இல்லை. டியூபில் கஞ்சி ஊற்றுவது சின்ன வேலையல்ல, ஐயா. தலைப்பக்கத்தை 45 டிகிரி உயர்த்த வேண்டும். மூக்கருகே டியூபில் போட்ட அடையாளம் நகர்ந்திருந்தால் ஊற்றவே கூடாது. ஒரு வேளைக்கு 200 முதல் 250 மில்லி, சிரிஞ்சை அழுத்தாமல் தானாக இறங்க விட வேண்டும். முடிந்ததும் 30 மில்லி தண்ணீர் விடாவிட்டால் கஞ்சி உள்ளேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். அதன்பின் அரை மணி நேரம் படுக்க வைக்கக் கூடாது. இது தெரியாத வீட்டில் படுத்தபடியே ஊற்றுகிறார்கள். இல்லையென்றால், பாவம் பசிக்குமே என்று யாராவது வாயில் ஒரு மடக்கு காபி கொடுத்துவிடுகிறார்கள். இருமல்கூட வராமல் அது நுரையீரலுக்குள் போய்விடலாம். நிமோனியாவோடு மறுபடி உங்கள் அவசரப் பிரிவுக்கே வருகிறார்கள்.

தோள்பட்டை கதையும் இதேதான். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தால் மூட்டு இறங்கிவிடும்; பிறகு வலி தாங்காமல் நோயாளி பயிற்சிக்கே ஒத்துழைக்க மாட்டார்.

யாரும் சொல்லித் தராத அந்த இடைவெளியில், பக்கவாதத்துக்கு மருந்து என்று நம்பப்படும் புறா ரத்தம் புகுந்துகொள்கிறது. 'ரீஹேப்' (மறுவாழ்வு மையம்) என்று போர்டு மாட்டிய விடுதியும் புகுந்துகொள்கிறது. தினம் எத்தனை மணி நேரம் பயிற்சி, பேச்சுப் பயிற்சிக்கு ஆள் உண்டா, இரவில் இரண்டு மணிக்கொரு முறை புரட்டிவிடுவது யார் என்று கேட்கவே குடும்பத்துக்குத் தெரியாது. ஏ.சி. அறையா என்று கேட்டுவிட்டு முன்பணம் கட்டுகிறார்கள். சென்னை கே.கே. நகரில் அரசே மறுவாழ்வு மருத்துவமனை நடத்துவதும், 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபி வருவதும் சம்மரியில் அச்சாகாத ரகசியங்கள்.

நாங்கள் கேட்பது ஒரே ஒரு தாள், தமிழில்: டியூப், சிறுநீர்க் கதீட்டர் எடுக்கும் தேதி, விழுங்கும் சோதனையின் முடிவு, முதல் மூன்று மாதப் பயிற்சித் திட்டம், அருகிலுள்ள மையத்தின் தொலைபேசி எண். வீட்டில் பார்த்துக்கொள்பவர் நர்ஸ் முன்னிலையில் ஒரு வேளை உணவு ஊற்றி, ஒருமுறை நோயாளியை நாற்காலிக்கு மாற்றிக் காட்டிய பிறகே டிஸ்சார்ஜ் கையெழுத்து. கட்டடம் வேண்டாம், டெண்டர் வேண்டாம். திறப்பு விழா வைக்க முடியாது என்பதுதான் இதில் குறை போலும்.

கடுமையாகப் பட்டால் பொறுத்தருளுங்கள். அந்த ஒரு தாளுக்கான சுற்றறிக்கையை முதலில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்காவது அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். வரைவு எங்களிடம் தயாராக இருக்கிறது, கேட்டால் தருகிறோம்.

இப்படிக்கு,
வீடு வீடாகச் சென்று சிகிச்சை தரும் பிசியோதெரபிஸ்டுகள்