எங்களைக் கேட்காமல் கேபிளை மாற்றாதீர்கள்: கொள்முதல் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கொள்முதல் பிரிவு மேலாளர் அவர்களுக்கும் குழுவினருக்கும்,

வணக்கம். அரிசி ஆலைகளிலிருந்து கேமராவில் பார்த்து நிறம் கெட்ட அரிசியைப் பிரித்துத் தள்ளும் நம் கலர் சார்ட்டர் இயந்திரங்கள் ஏன் திரும்பி வந்தன என்பது உங்களுக்கு இப்போது தெரியும். கேமரா போர்டையும் பிராசசர் போர்டையும் இணைக்கும் கேபிளுக்கு, சோதனைப் பிரிவினரான எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சப்ளையரை மாற்றினீர்கள். மல்டிமீட்டரில் எல்லாப் பின்னுக்கும் பஸ்ஸர் அடிக்கிறது என்று சான்றும் இணைத்திருந்தீர்கள்.

பஸ்ஸர் அடிக்கத்தான் செய்யும். எந்த ஒயர் எந்தப் பின்னுக்குப் போகிறது என்று அது சொல்லும். எது எதோடு முறுக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லாது. இந்தக் கேபிளில் இருப்பது எல்விடிஎஸ், அதாவது ஒரே சிக்னலை இரண்டு ஒயர்களில் பிளஸ், மைனஸ் என்று எதிரெதிராக, மிகக் குறைந்த வோல்டேஜில் அனுப்பும் முறை. அப்படி ஒரு ஜோடியில் ஓடுவது சுமார் 3.5 மில்லியாம்ப். மறுமுனையில் உள்ள 100 ஓம் ரெசிஸ்டரில் அது 350 மில்லிவோல்ட் ஆகிறது, அவ்வளவுதான். இரண்டு ஒயரும் ஒன்றோடொன்று முறுக்கியிருந்தால் வெளி இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவில் ஏறும், இரண்டின் வித்தியாசத்தை மட்டும் படிக்கும் ரிசீவர் அதைக் கழித்துவிடும். வந்த கேபிளிலோ ஒரு ஜோடியின் பிளஸ், அடுத்த ஜோடியின் பிளஸ்ஸோடு முறுக்கப்பட்டிருந்தது. சோதனை மேசையில் ஓடியது. ஆலையில், கறுத்துப்போன அரிசியைக் காற்றால் ஊதித் தள்ளும் வால்வுகள் பக்கத்திலேயே படபடவென்று அடித்ததும் படமெல்லாம் கோடு. நல்ல அரிசியும் கழிவில் போய் விழுந்தது.

எங்களுக்கு மனம் ஆறாதது வேறு. பழி முதலில் போர்டின் மேல்தான் விழுந்தது. எங்கள் பிரிவின் இளம் டெக்னீஷியன், மைக்ரோஸ்கோப்பில் குனிந்தபடியே ரிசீவர் ஐசிகளைக் கழற்றிப் புதிது வைத்து சால்டர் செய்தார். மாற்றிய பிறகும் கோடு போகவில்லை. மறுபடி கழற்றச் சொன்னார்கள். அப்படிக் கழற்றியதில் ஐசியின் கால்கள் ஒட்டும் செம்புப் பேட் பெயர்ந்து, பழுதே இல்லாத போர்டுகள் உண்மையிலேயே பழுதாயின. அந்தச் சேதம் இன்றுவரை அவர் பெயரில்தான் இருக்கிறது.

அதனால்தான் கேட்கிறோம்: ஜோடி ஒயர் ஓடும் எந்தக் கேபிளையும், எந்தக் கனெக்டரையும் எங்கள் கையொப்பம் இல்லாமல் மாற்றாதீர்கள்.

அடுத்து கனெக்டரையும் சிறிதாக்கப் போவதாகக் கேள்விப்படுகிறோம். கிரவுண்ட் பின்கள் வீணாகக் கிடக்கின்றனவாம். அவை ஜோடிக்கும் ஜோடிக்கும் நடுவே நின்று, ஒன்றின் சிக்னல் இன்னொன்றில் ஏறாமல் காக்கின்றன. இந்த நிறுவனத்தில் சேமிப்பு உங்கள் கணக்கிலும் சேதம் எங்கள் கணக்கிலும் எழுதப்படுவது எந்த நியாயம்? ஒரு மீட்டர் கேபிளுக்கு எவ்வளவு மிச்சம் என்று பார்க்கும் தாளில், ஆலைக்கு ஆள் அனுப்பிய செலவுக்கு ஏன் ஒரு கட்டம்கூட இல்லை?

வார்த்தை தடித்திருந்தால் பொறுத்தருள வேண்டும். கொள்முதல் ஆணையில் மூன்று வரிகள் சேருங்கள்: ஜோடியின் இம்பீடன்ஸ் (வேகமான சிக்னலுக்கு அது காட்டும் மின்எதிர்ப்பு) 100 ஓம்; எந்தப் பின் எந்தப் பின்னோடு முறுக்கப்பட வேண்டும்; கனெக்டர் முனையில் முறுக்கு எவ்வளவு நீளம் பிரியலாம். எழுதித் தருவது எங்கள் வேலை. மாற்றும் முன் எங்கள் கையொப்பம் வாங்குவதும், அந்தப் போர்டுகளை டெக்னீஷியனின் கணக்கிலிருந்து எடுக்கச் சொல்லி நிர்வாகத்துக்கு எழுதுவதும் உங்கள் கையில் இருக்கின்றன. இந்த மாத ஆர்டர் போகும் முன் செய்து தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
சோதனைப் பிரிவினர்