89 பேர் மட்டும்தானா?

ஐ.நா. அகதிகள் ஆணையத்துக்கு,

வணக்கம். சாடு நாட்டின் எல்லையில், அத்ரேயில், வரும் அகதிகளைப் பதிவு செய்யும் படிவத்தோடு உட்கார்ந்திருக்கும் உங்கள் ஊழியர்களுக்குத்தான் இதை எழுத நினைத்தேன். ஆனால் அந்தப் படிவத்தில் என்ன கேள்வி இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது நீங்கள்.

2023 ஏப்ரலில் சூடானின் தலைநகர் கார்ட்டூமில் மூண்ட சண்டை இன்று அந்நாட்டின் மேற்குப் பகுதியான டார்ஃபூரைக் காலி செய்துகொண்டிருக்கிறது. எல்லை தாண்டி வருபவர்களில் பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளும். அதே நாட்டின் பழைய கணக்கு ஒன்று இன்னும் முடியவில்லை.

1983-இல் தொடங்கிய உள்நாட்டுப் போரில், அப்போது சூடானின் பகுதியாக இருந்த தெற்கு சூடானின் கிராமங்கள் எரிந்தபோது, டிங்கா, நுவேர் இனச் சிறுவர்கள் பலர் ஊருக்கு வெளியே மாட்டுக்கிடையில் இருந்தார்கள். அதனால் பிழைத்தார்கள். வீட்டில் இருந்த அக்கா தங்கைகளில் பலர் கொல்லப்பட்டார்கள், அல்லது பிடித்துச் செல்லப்பட்டார்கள். 1987 வாக்கில் சுமார் 20,000 பிள்ளைகள் எத்தியோப்பியாவுக்கு நடந்தார்கள். அங்கே பின்யுடோ அகதி முகாமில் சாப்பாடு கிடைத்தது, சிலருக்குக் கூடவே துப்பாக்கிப் பயிற்சியும். 1991-இல் எத்தியோப்பிய அதிபர் மெங்கிஸ்டுவின் ஆட்சி கவிழ்ந்ததும் அங்கிருந்தும் விரட்டப்பட்டார்கள். கீலோ ஆற்றில் வெள்ளம், பின்னால் துப்பாக்கி, தண்ணீருக்குள் முதலை. மிஞ்சியவர்கள் 1992-இல் கென்யாவின் ககுமா முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள்.

அந்த நடையில் சிறுமிகளும் இருந்தார்கள். முகாமில் பையன்களைக் கூட்டமாக ஒன்றாகத் தங்கவைத்தார்கள். பெண்பிள்ளை தனியாக இருக்கலாகாது என்ற வழக்கப்படி சிறுமிகளை ஏதோ ஒரு குடும்பத்தோடு சேர்த்துவிட்டார்கள். நல்லெண்ணத்தில் செய்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் சேர்த்த அன்றே அவர்கள் "ஆதரவற்றோர்" கணக்கிலிருந்து நழுவிவிட்டார்கள். பல வீடுகளில் அந்தச் சிறுமிதான் தண்ணீர் சுமந்தாள், சமைத்தாள், பிள்ளை பார்த்தாள். வயதுக்கு வந்ததும் அவளுக்கு வரும் பரிச மாடுகள் அந்த வீட்டுக்கு. இப்படியொரு வரும்படியை எந்தக் குடும்பம் தானாக விட்டுக்கொடுக்கும்?

சரி, 2000-இல் அந்த ஆதரவற்ற பிள்ளைகளுக்கு அமெரிக்கா கதவைத் திறந்தது. வயது தெரியாத பையன்களுக்கு ஆளைப் பார்த்து ஒரு வயது, பிறந்தநாள் ஜனவரி 1 என்று எழுதி அனுப்பினார்கள். போனவர்கள் ஏறத்தாழ 3,800 பேர். அதில் பெண்கள் 89. மற்றச் சிறுமிகளுக்குத்தான் "குடும்பம்" இருந்ததே! உலகம் முழுக்கப் பேசப்பட்ட அந்தப் பெயரும் "தொலைந்த பையன்கள்" என்பதுதான். தொலைந்த பெண்களுக்கு அந்தப் பெயரில் இடமே இல்லை.

குழந்தையின் நலனை எப்படித் தீர்மானிப்பது என்று 2008-இல் நீங்கள் வழிகாட்டுதல் வெளியிட்டீர்கள். நல்லது. ஆனால் 2025-இல் நிதி இல்லாமல் ஆயிரக்கணக்கான பணியிடங்களைக் குறைத்திருக்கிறீர்கள். ஆள் குறைந்தால் முதலில் நின்றுபோவது, ஒரு வீட்டில் சேர்த்த பிள்ளையை இரண்டாவது தடவை போய்ப் பார்ப்பதுதான் என்று அஞ்சுகிறேன்.

அதனால் கேட்கிறேன். பெற்றோர் இல்லாத சிறுமியை ஒரு வீட்டில் சேர்த்தாலும் அவள் பெயரைத் தனியாகவே வைத்திருங்கள். ஆறு மாதம் கழித்து ஒரு பெண் ஊழியரை அனுப்புங்கள். வீட்டுக்காரர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, பள்ளிக்கூடம் போகிறாயா, காலையில் எத்தனை மணிக்கு எழுகிறாய், யாராவது உன்னைப் பெண் கேட்டு வந்தார்களா என்று அவளிடமே கேளுங்கள். அடுத்த ஆறு மாதத்தில் மறுபடியும் போங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி