நாய்க்கு அட்டை கேட்காதீர்கள்

ஆசிரியருக்கு,

அமெரிக்க உணவகங்களுக்குள் நாய் வருவதைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மாற்றுத்திறனாளிக்கு உதவப் பழக்கிய ‘சேவை நாய்’ என்று சொல்லி யார் கூட்டி வந்தாலும், அரசு அட்டையைக் காட்டிய பிறகுதான் உள்ளே விட வேண்டும் என்பது கட்டுரையாளரின் யோசனை. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் செய்தும் விட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் சின்னதாக ஓர் உணவகம் நடத்துகிறேன். மதியத்தில் பஃபே. இது பட்டாளத்து ஊர். பெரிய ராணுவ மருத்துவமனையும், கை கால் இழந்து வந்த வீரர்களுக்கான மறுவாழ்வு மையமும் இங்கே உண்டு. செயற்கைக் காலோடு வருபவருக்கு ஓடிப்போய்க் கதவு திறந்து விடுவோம். அதில் குறை வைத்ததில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, நல்ல கூட்டம். முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் பழுப்பு லாப்ரடார் ஒன்றோடு வந்து நின்றார். ஆள் திடகாத்திரமாக இருந்தார், கை கால் எல்லாம் சரியாக இருந்தது. நாய்க்குச் சட்டையும் இல்லை, பட்டையும் இல்லை. ‘சர்டிஃபிகேட் இருக்கிறதா?’ என்று கேட்டேன். சட்டப்படி அது தேவையில்லை என்று தணிந்த குரலில் சொன்னார். பின்னால் வரிசை நீண்டது. நம் ஊர் மாமி ஒருவர், “நாய் உள்ளே வந்தால் நான் கிளம்பறேன்” என்றார். நான் விட்டிருக்கலாம். விடாமல், “பார்க்க நல்லாத்தானே இருக்கீங்க, உங்களுக்கு என்ன குறை?” என்று அத்தனை பேர் முன்னாலும் அவரிடம் ஆங்கிலத்தில் கேட்டேன்.

அவர் கை லேசாக நடுங்கியது. நாய் தன் மூக்கை அந்த உள்ளங்கைக்கு அடியில் கொடுத்து மேலே முட்டியது. அப்புறம் திரும்பி, அவருக்கும் வரிசைக்கும் நடுவே குறுக்காகப் போய் நின்றுகொண்டது. நாய் முரண்டு பிடிக்கிறது என்று நினைத்து, வெளியே போகச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

அன்று சாப்பிட்டுக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் பில் கட்டும்போது விளக்கினார். நீ முரண்டு என்று நினைத்ததுதான் அந்த நாயின் வேலை என்றார். போரிலிருந்து வந்த பிறகும் விடாத மன அதிர்ச்சி நோய், பி.டி.எஸ்.டி., உள்ளவர்களுக்கு முதுகுக்குப் பின்னால் ஆள் நெருங்கி நின்றால் தாங்காது. அந்த இடைவெளியை உண்டாக்கித் தரவும், பதற்றம் ஏறும்போது முட்டி நினைவைத் திருப்பவும் நாயைப் பழக்கியிருப்பார்கள்.

வீட்டுக்கு வந்து சட்டத்தைப் படித்தேன். 1990-இல் வந்த ஏ.டி.ஏ. என்னும் மாற்றுத்திறனாளிகள் சட்டமும் அதன் விதிகளும் கடைக்காரனுக்குத் தருவது இரண்டே கேள்விகள். இது உடல் அல்லது மனக் குறைபாட்டுக்குத் தேவைப்படும் சேவை நாயா? என்ன வேலைக்குப் பழக்கியிருக்கிறீர்கள்? அவ்வளவுதான். என்ன நோய் என்று கேட்கக் கூடாது, சர்டிஃபிகேட் கேட்கக் கூடாது, செய்து காட்டச் சொல்லவும் கூடாது. பஃபே வரிசைக்குக்கூட நாய் கூடவே வரலாம். பக்கத்து மேசைக்காரருக்கு நாய் என்றால் பயம், அலர்ஜி என்பதெல்லாம் மறுக்கக் காரணமாகாது. தள்ளி உட்கார வைக்க வேண்டியது நம் பொறுப்பு. ஆறுதலுக்காக மட்டும் வைத்திருக்கும் நாய்க்கு இந்த உரிமை கிடையாது. ஒரு வேலைக்கென்று பழகியிருக்க வேண்டும்.

கட்டுரையாளர் கேட்கும் அட்டையை அமெரிக்க மத்திய அரசு யாருக்கும் கொடுப்பதே இல்லை. இணையத்தில் பணம் கட்டினால் பளபளவென்று அட்டையும் சிவப்புச் சட்டையும் வீட்டுக்கே வரும். சட்டத்தின் முன் அதற்கு மதிப்பில்லை. ஆக, அட்டையைப் பார்த்து உள்ளே விட்டால் காசு கொடுத்து வாங்கியவர் ஜோராக நுழைவார். தானே வருடக்கணக்கில் நாயைப் பழக்கிய முன்னாள் வீரர் வெளியே நிற்பார். சட்டம் அப்படிச் சொந்தமாகப் பழக்குவதையும் ஏற்கிறது, ஏனென்றால் பழக்கிய நாய் ஒன்றின் செலவு 20,000 டாலரைச் சாதாரணமாகத் தாண்டும். முன்னாள் படைவீரர் நலத்துறையே பார்வை, செவி, நடமாட்டக் குறைபாடுகளுக்கான நாய்களுக்கு மருத்துவச் செலவைத் தர 2012-இல் விதி செய்தபோது, மனக்காயத்துக்கான நாய்களை விட்டுவிட்டது. 2021 ஆகஸ்டில்தான், பி.டி.எஸ்.டி. உள்ள வீரர்கள் நாய்க்குப் பயிற்சி கொடுக்கும் சோதனைத் திட்டத்துக்குத் தனிச் சட்டம் வந்தது. அதற்குத் தேர்ந்தெடுத்த ஐந்து ஊர்களில் எங்கள் ஊரும் ஒன்று. அதே ஊரில்தான் நான் வாசலில் நின்று சர்டிஃபிகேட் கேட்டேன்.

போலிகள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். கைப்பைக்குள் குட்டி நாயோடு ஓர் அம்மாள் வந்தார். சிவப்புச் சட்டை, அட்டை எல்லாம் கனகச்சிதம். நாய் பக்கோடாத் தட்டைப் பார்த்துப் பாய்ந்தது, அவரால் அடக்க முடியவில்லை. நாயை மட்டும் வெளியே விட்டு வாருங்கள், உங்களுக்குச் சாப்பாடு உண்டு என்றேன். கட்டுக்கடங்காத நாயையும், கண்ட இடத்தில் அசிங்கம் செய்யும் நாயையும் வெளியேற்றச் சட்டமே இடம் தருகிறது. டெக்சாஸில் போலி நாய்க்கு 2023 முதல் 1,000 டாலர் வரை அபராதம். உண்மையான நாயை மறுக்கும் கடைக்காரனுக்கு 300 டாலர் வரை. இரண்டுக்கும் 30 மணி நேரச் சமூகப் பணி தனி.

அந்த மாமி இன்றும் வருகிறார். நாய் வரும் நாட்களில் ஜன்னலோர மேசையைக் கொடுத்துவிடுவேன், முணுமுணுத்துக்கொண்டே சாப்பிடுவார். அந்த லாப்ரடார்க்காரர் மட்டும் திரும்ப வரவில்லை.

அமெரிக்காவில் கடை வைத்திருக்கும் தமிழர்கள் பலர் உங்கள் இதழைப் படிக்கிறார்கள். அடுத்த இதழில் அந்த இரண்டு கேள்விகளையும் கட்டம் கட்டிப் போடுங்கள். கல்லாப்பெட்டி பக்கத்தில் கத்தரித்து ஒட்டிக்கொள்ளும் அளவில் இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
உணவகம் நடத்தும் ஒரு வாசகர்,
சான் அன்டோனியோ, டெக்சாஸ்.