ஊதச் சொன்னால் மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு,

மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவின்படி 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. ஆல்கஹாலைத் தாண்டிய நிலையில் வண்டி ஓட்டினால் குற்றம். ஆனால் காவலர்கள் ஓட்டுநரை ஊதச் சொல்லும் கருவி ரத்தத்தை அளப்பதில்லை. நுரையீரலின் அடிக்காற்றை வைத்துக் கணக்குப் போடுகிறது. அரைகுறையாக ஊதினால் அளவு குறையும். சற்று முன் குடித்தவருக்கும், மவுத்வாஷ் கொப்பளித்தவருக்கும் வாயில் தங்கிய ஆல்கஹால் அளவை ஏற்றிவிடும். 15 நிமிடம் எதையும் வாயில் போடாமல் உட்கார வைத்து, ஆளுக்கொரு புதுக் குழாய் மாட்டி, முதலில் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஊதச் சொல்ல வேண்டும். நெரிசலான சாலையில் இதற்கெல்லாம் பொறுமை ஏது?

கஞ்சாவுக்கும் தூக்க மாத்திரைக்கும் அந்தக் கருவி ஊமை. கஞ்சாவில் ரத்த அளவு சீக்கிரம் இறங்கிவிடும், தடுமாற்றம் நீடிக்கும். சிறுநீரிலோ போதை தெளிந்து பல நாட்கள் கழித்தும் தடயம் கிடைக்கும். சட்டமும் போதைப்பொருளுக்கு அளவு எதுவும் சொல்லவில்லை. வண்டியைக் கட்டுப்படுத்த இயலாத நிலையா என்றே கேட்கிறது.

அதை நிரூபிக்க ஆளின் நடவடிக்கையைத்தான் சோதிக்க வேண்டும். அமெரிக்கக் காவலர்கள் குதிகாலை மறுகாலின் விரல்நுனியில் ஒட்டி வைத்து 9 காலடி எடுத்து வைத்து நடந்து திரும்பச் சொல்கிறார்கள். ஒற்றைக்காலில் 30 விநாடி நிற்கவும் வைக்கிறார்கள். முழங்கால் வலிக்காரரும் முதியவரும் இதில் போதையின்றியே தடுமாறுவார்கள் என்பதால் வீடியோ பதிவு அவசியம். கைதானவரை 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தாவிட்டால் விடுவிக்க வேண்டும் என்கிறது 202-ஆம் பிரிவு. இரவுச் சோதனை நடக்கும் இடங்களுக்கு அருகே பணி மருத்துவர் இருப்பதைக் காவல்துறை முதலில் உறுதி செய்யட்டும்.

– வாசகர், திருச்சி